கொசுறும் தூண்டிலும்

காய்கறிக் கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுகிறார். அதில் குற்றம் காண்பார் எவருமிலர். நிலம் வாங்க வருபவரும் விலைக்கு மேல் சில சலுகைகளைச் சொல்கிறார். முன்பணம் கூடுதலாக, பத்திரச் செலவு தம்முடையதாக, பிள்ளைக்கு ஒரு வேலையாக அவை வருகின்றன. இதுவும் கொசுறுதானா? அல்லது தூண்டிலில் கோத்த புழுவா?

அரியலூர் வட்டாரத்து ரெட்டிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி கடலாக இருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அங்குள்ள சிமெண்ட் ஆலைக்கு மூலப்பொருள். எவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. இத்தகைய மண்ணில் நடக்கும் பேரத்தின் இயல்பையே சொல்கிறோம். உழவர் அறிந்தது மேல்மண்ணை. கல்லுக்காக நிலம் தேடுவோர் அறிந்தது அடிமண்ணை. அவர்கள் துளையிட்டுப் பார்த்துக் கல்லின் ஆழத்தையும் தரத்தையும் கணக்கிட வல்லவர்கள். இவ்விருவரிடையே ஒரு சலுகை வந்து நின்றால், விலையின் மேல் விழ வேண்டிய உழவரின் கண் சலுகையின் மேல் விழுந்துவிடுகிறது.

சரக்கேற்றி வரும் வணிகரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு, அவர் சந்தை விலையை அறியுமுன் வாங்கிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தையை அடைந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை அளித்தார்கள். அங்கே எடை குறையவில்லை, பொய்யும் சொல்லப்படவில்லை. ஆயினும் தடை வந்தது. மனம் ஒப்பினால் மட்டும் போதாது, அறிந்து ஒப்ப வேண்டும் என்பதே அதன் உட்கருத்தென நாம் கொள்கிறோம்.

மத்திய அரசின் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டமும் இவ்வழியில் சிறிது தூரம் நடந்திருக்கிறது. தனியார் நிறுவனத்துக்காக அரசு நிலம் எடுப்பதாயின், பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் முன் இசைவு வேண்டும் என்கிறது அது. திட்டத்தால் வேலைகள் உருவானால் குடும்பத்துக்கு ஒரு வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்றும் வகுக்கிறது. அங்கே வேலை என்பது காதோடு சொல்லும் ஆசைவார்த்தையன்று, எழுதப்பட்ட உரிமை.

"தம் பொருளைத் தாமே கூட்டிக் கொடுக்கிறார், இதில் எவருக்கு நட்டம்?" என்று கேட்கலாம். உரைகல் எளிது. அச்சலுகையை நாலுபேர் முன்னிலையில் சொல்ல முடியுமா? பத்திரத்தில் எழுத முடியுமா? முடியுமாயின் அது கொசுறு. மறைத்தால்தான் பலிக்கும் என்றால் அது தூண்டில். விற்பவருக்காகப் பேசும் தரகர் வாங்குபவரிடம் மறைவாகக் கைநீட்டிப் பெறுவதும் கூலியன்று, கையூட்டு.

இது ஆலைகளுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. அயல்நாட்டில் ஈட்டிய பொருளைக் கொண்டு மனை வாங்குவோர் நம் குடும்பங்களிலும் உண்டு. கைம்பெண்ணின் பங்கையோ, கடனில் தவிக்கும் உறவினரின் நிலத்தையோ, "இன்றே முடித்தால் ரொக்கம்" என்று கட்டுக்கட்டாகக் காட்டி வாங்கும்போது நாமும் ஊருக்கு வெளியே வணிகரை எதிர்கொண்டவர்களாகிறோம். நாலு நாள் அவகாசம் கொடுத்து, "விலையை விசாரித்து வாருங்கள்" என்று சொல்லிப் பார்ப்போம். அப்படிச் சொன்னால் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகலாம். ஆனால் அந்த மண்ணில் நாம் கட்டும் வீட்டின் வாசலை, விற்றவர் பெருமூச்சு விடாமல் கடந்து போவார்.