கொடுத்தவர் எங்கே?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பனிச்சறுக்கு கிடையாது. ஆனால் காவலர் தேர்வுக்காகவும் மாவட்டப் போட்டிகளுக்காகவும் விடியுமுன் ஓடிப் பழகும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவரிடம் என்ன பவுடர் குடிக்கிறாய் என்று கேட்டால், "மாஸ்டர் கொடுத்தார்" என்ற பதில் வரலாம். விளையாட்டுச் சட்டத்தில் அந்தப் பதில் செல்லாது. தடைசெய்த பொருள் உடம்பில் இருந்தால் வீரரே பொறுப்பு. அது எப்படி வந்தது என்ற கேள்வி தண்டனையின் அளவை மட்டுமே மாற்றும்.

இந்த விதியின் கடுமையைக் குளிர்கால விளையாட்டுகளில் தெளிவாகப் பார்க்கலாம். 2016இல் நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை தெரேசே யோஹாக்கின் உதடு வெயிலில் வெந்துபோனது. அணி மருத்துவர் இத்தாலியில் ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தார். அதில் குளோஸ்டெபால் என்ற தடைசெய்த ஸ்டீராய்டு இருந்தது. அட்டைப்பெட்டியிலேயே எச்சரிக்கையும் இருந்தது. மருத்துவர் தவறு தன்னுடையது என்று சொல்லிப் பதவி விலகினார். ஆனாலும் யோஹாக்குக்கு 18 மாதத் தடை. 2018 ஒலிம்பிக் போயிற்று.

கொடூரமாகத் தோன்றும் இந்த விதியை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. தெரியாமல் நடந்தது என்ற சொல்லை ஏற்கத் தொடங்கினால் பிடிபடும் எல்லோரும் அதையே சொல்வார்கள். எதையும் தொடாமல் ஓடி நான்காவதாக வந்தவருக்கு யார் பதில் சொல்வது? 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடைசெய்த பொருள் இருந்தது. நம் நாட்டுக்கு இது சிறிய அவமானமல்ல. ஆகவே பதக்கத்தைத் திரும்பப் பெறுவது நியாயமே. ஆனால் பதக்கம் வேறு, தடையில் போகும் ஒருவருடைய வாழ்க்கையின் நான்கு ஆண்டுகள் வேறு.

திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றார். பிறகு நாண்ட்ரலோன் கண்டறியப்பட்டு, பதக்கமும் நான்கு ஆண்டுகளும் போயின. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார் அவர். மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அந்தப் பொருள் இருந்தது. அந்த முடிவு நேரத்தோடு வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். யோஹாக்குக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவராவது இருந்தார். மருந்துப் பட்டியலைப் படித்துச் சொல்ல ஆளில்லாத வீட்டிலிருந்து வருபவர் மீதும் அதே பாரத்தைத்தான் விதி ஏற்றுகிறது.

மனத்தை மிகவும் உறுத்துவது கமிலா வலியேவாவின் வழக்கு. ரஷ்யாவின் இந்தப் பனிச்சறுக்கு நடனச் சிறுமியிடம் 2021 டிசம்பர் 25இல் மாதிரி எடுத்தபோது வயது 15. அதில் ட்ரைமெட்டாசிடின் இருந்தது. நெஞ்சுவலிக்கான மருந்து, தடைசெய்தது. கூடவே ஹைப்பாக்சன், எல்-கார்னிட்டின் என்ற இரண்டும் இருந்தன. அவை அனுமதிக்கப்பட்டவை என்பதால் குற்றமில்லை. தாத்தாவின் மருந்து தற்செயலாகக் கலந்துவிட்டது என்ற விளக்கத்தை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 ஜனவரியில் நான்காண்டுத் தடை விதித்தது. தடைப் பட்டியலின்படி பார்த்தால் ஒரு தவறு. பிள்ளையைப் பார்த்தால், வளரும் உடம்புக்குள் இத்தனை பொருள்கள் எதற்காகப் போயின என்பதே கேள்வி. அனுமதித்தது என்பதாலேயே ஒன்று தகுந்ததாகிவிடாது. பதினைந்து வயதில் தன் உடம்புக்குள் போவதையெல்லாம் தானே தீர்மானித்தாள் என்று யார் நம்புவார்? இந்த விவகாரம் எழுந்தபின் பனிச்சறுக்கு நடனத்தில் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 17ஆக உயர்ந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அது பிள்ளையைத்தான் தள்ளி நிறுத்துகிறது, கொடுப்பவரைத் தொடவில்லை.

பயிற்சியாளரும் மருத்துவரும் தண்டிக்கப்பட விதியில் இடமுண்டு. ஆனால் கொடுத்ததற்குச் சாட்சி கிடைப்பதில்லை, சிறுநீர் ஒருவருடையதுதானே. எனவே சாட்சியை முன்கூட்டியே உண்டாக்க வேண்டும். மாநிலச் சங்கங்களில் பதிவுபெற்ற ஒவ்வொரு பயிற்சியாளரும், தான் கொடுக்கும் பவுடர், மாத்திரை, ஊசியின் பெயரைத் தேதியுடன் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வீட்டாரிடம் தரவேண்டும் என்று விதிக்கலாம். எழுதித் தர மறுப்பவரின் மருந்தை வாங்காதே என்று பிள்ளைக்குச் சொல்ல அம்மாவுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை பிடிபட்டால், விசாரணை அந்தத் தாளில் கையெழுத்திட்டவரிடமிருந்து தொடங்கட்டும்.