துக்கத்துக்கு மருந்து துறவா?

சிலப்பதிகாரத்தில் கோவலன் கள்வன் அல்லன் என்று தெரிந்த கணத்திலேயே பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விடுகிறான். அவனைக் கண்ட கோப்பெருந்தேவியும் அங்கேயே சாய்கிறாள். இராமன் காடு புகுந்துவிட்டான் என்று சுமந்திரன் வந்து சொன்னதும் கம்பனின் தசரதனுக்கு உயிர் போகிறது. இவற்றையெல்லாம் காவிய மிகை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. இன்றைய இருதய மருத்துவம் அப்படி ஒதுக்குவதில்லை. அதனால் ஒரு பழைய சமயக் கேள்வி புதிய கூர்மையோடு நம் முன் நிற்கிறது: அன்பு வைத்த நெஞ்சு அந்த அன்பாலேயே அடிபடும் என்றால், பற்றை அறுக்கச் சொன்ன ஞானிகள் அன்பிலிருந்தே விலகச் சொன்னார்களா? அவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதே என் துணிபு. பற்றினால் வரும் துயரைத் தாங்க மனிதருக்கு இன்னொரு பற்றைத் தவிர வேறு துணை இல்லை. ஆகவே துக்கப்படுபவரைத் தாங்கிப் பிடிப்பது சுற்றியிருப்பவர்களின் அறக்கடமை.

முதலில் உடல் சொல்வதைக் கேட்போம். 1990 இல் ஜப்பானிய மருத்துவர் ஹிக்காரு சாட்டோவும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரமான இருதய நிலையை விவரித்தார்கள். நோயாளிக்கு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். ஈசிஜி மாரடைப்பைப் போலவே காட்டும். ஆனால் அஞ்சியோகிராம் செய்து பார்த்தால் இரத்தக்குழாயில் அந்த அளவுக்கு அடைப்பு எதுவும் இராது. இடது கீழறையின் நுனி சுருங்க மறுத்து ஊதி நிற்க, மேற்பகுதி மட்டும் இறுக்கிச் சுருங்கும். அந்தத் தோற்றம் கணவாய் வகையைச் சேர்ந்த எண்காலியைப் பிடிக்கும் மண்பானையை ஒத்திருந்ததால் அதன் பெயரையே வைத்து இதைத் தகோட்சுபோ என்றார்கள். 2005 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள், திடீர் மன அதிர்ச்சிக்குப் பின் இப்படி வந்த 19 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் அட்ரினலின் வகைச் சுரப்புகள், கடும் மாரடைப்பு வந்தவர்களிடம் இருந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இருந்தன. இந்த நிலை வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதினர். பலருக்குச் சில வாரங்களில் இருதயம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எனினும் மருத்துவமனையிலேயே இறப்பவர்களும் நூற்றுக்கு நான்கு பேரளவில் இருக்கிறார்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஹமில்டனிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 52 நாடுகளில் நடத்தி 2004 இல் வெளியிட்ட பெரும் ஆய்வும், புகைத்தல், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் மாரடைப்பின் முக்கிய காரணிகளில் ஒன்றாகக் கண்டது. துக்கம் வெறும் எண்ணமன்று. அது உடலில் விழும் காயம்.

ரொறன்ரோ நகரத்துத் தமிழர் அந்தக் காயத்துக்குப் புதியவர்கள் அல்லர். 2000 களின் தொடக்கத்தில் ரொறன்ரோத் தமிழரிடையே நடந்த மனநல ஆய்வொன்று, பெரியவர்களில் மூன்றில் ஒருவர் பாரதூரமான அதிர்ச்சிகளைக் கண்டவர் என்றும், 12 வீதமானோருக்கு அதிர்ச்சிக்குப் பின்னான மனநோய் இருந்தது என்றும், அவர்களில் மிகச் சிலரே உதவி நாடினர் என்றும் சொன்னது. அதற்குப் பிறகுதான் 2009 வந்தது. மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி மறித்து நின்றவர்களில் பலருக்கு இலங்கையின் இறுதிப்போரில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்ட உறவுகள் இருந்தன. அங்கே நிகழ்ந்த சாவுகளுக்குச் செத்தவீடு இல்லை, எட்டாம் நாள் எட்டுச் செலவு இல்லை, 31 ஆம் நாள் அந்தியேட்டி இல்லை. யாழ்ப்பாண வழக்கில் 31 நாள் வரை வீடு தனித்திருப்பதில்லை: அயலார் சமைத்துக் கொண்டுவருவார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லுவார்கள், வந்தவர் எல்லோரிடமும் அதே கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படும். ஒன்ராறியோ வேலைச் சட்டமோ நெருங்கிய உறவினர் இறந்தால் ஆண்டுக்குச் சம்பளமில்லாத இரண்டு நாள் விடுப்பைத்தான் உறுதிசெய்கிறது. ஊரில் தாய் இறந்ததைத் தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டு மறுநாள் இரவு வேலைக்குப் போகிறவரின் உடலுக்குள் நடப்பதை எந்தச் சட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நிலை இன்னும் கொடிது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கிய பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

இவர்களிடம் சமயத்தின் பெயரால் அடிக்கடி சொல்லப்படுவது, ‘ஆன்மாவுக்கு அழிவில்லை, அழாதே, எல்லாம் பற்றால் வந்த வினை’ என்பது. கீதை நிலைத்த அறிவுடையவனை இன்பதுன்பங்களில் அசையாதவன் என்கிறது. வள்ளுவர் துறவுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அதே வள்ளுவர், அன்பை அடைத்துவைக்கும் தாழ் கிடையாது, அன்புடையாரின் கண்ணீரே அதை வெளிப்படுத்திவிடும் என்றும் சொன்னார். துறவதிகாரத்தின் முடிவிலும் அவர் கையை வெறுமையாக விடச் சொல்லவில்லை. பற்றற்றவனைப் பற்றச் சொல்கிறார். புத்தரிடம் இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கிசாகோதமிக்குக் கிடைத்தது உபதேசம் அன்று, ஒரு வேலை: சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா. அவள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் மற்றவர் துக்கத்தைக் கேட்டாள். தெளிவு அதற்குப் பிறகுதான் வந்தது. பெரிய புராணத்தில் திலகவதியார் தந்தை, தாய், மணம் பேசியிருந்த கலிப்பகையார் என்று எல்லோரையும் இழந்து உயிர்விடத் துணிகிறார். அவரைத் தடுத்தது தத்துவமா? தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து அழுதார். அவருக்காக அக்கா உயிர் தாங்கினார். அந்தத் தம்பிதான் பின்னாளில் அப்பர். ஒரு பற்று முறித்த நெஞ்சை இன்னொரு பற்று தாங்கிய கதை இது. துறவு அறுக்கச் சொல்வது ‘எனது’ என்னும் உரிமையை, அன்பை அல்ல.

இதற்கு மறுப்புகள் உண்டு. தகோட்சுபோ வந்த 1750 பேரை ஆராய்ந்து 2015 இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டில், உணர்ச்சி அதிர்ச்சியைவிட அறுவைச் சிகிச்சை, நோய் போன்ற உடல் அதிர்ச்சிகளே கூடுதலான காரணமாக இருந்தன. கால்வாசிக்கு மேற்பட்டவரிடம் எந்தக் காரணமும் தெரியவில்லை. ஆகவே எல்லா நெஞ்சு நோயையும் துக்கத்தின் தலையில் கட்டுவது தவறு. இதை மறுக்க வேண்டியதில்லை. சிலருக்கேனும் துக்கம் காரணம் என்பது நிறுவப்பட்டுவிட்டது, என் வாதத்துக்கு அதுவே போதும். இன்னொரு மறுப்பு வலிமையானது. அதே பதிவேட்டில் உணர்ச்சியால் தாக்கப்பட்ட 485 பேரில் 20 பேருக்கு மகிழ்ச்சியே காரணமாக இருந்தது. அப்படியானால் இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாகப் பாவிக்கச் சொன்னவர்கள்தானே சரி? ஆனால் பற்றில்லாமல் வாழ்வது நெஞ்சுக்குப் பாதுகாப்பு என்று யார் சொன்னது? 2016 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தனிமையில் வாடுபவர்களுக்கும் உறவற்று வாழ்பவர்களுக்கும் இருதய நோய் வரும் அபாயம் 29 வீதம் அதிகம் என்று கண்டது. உறவு நெஞ்சைச் சிலவேளை முறிக்கலாம்; உறவின்மை அதை ஒவ்வொரு நாளும் அரிக்கிறது. சமநிலை என்பது தவத்தால் வருவது, அதை அடைந்தவரை வணங்குவோம். மகனைப் புதைத்த தாயிடம் அதை அன்றைக்கே கேட்பது ஞானமன்று, கொடுமை.

எல்லாம் முன்வினை என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. வினைக்கொள்கையை முழுதாக ஏற்றாலும், துக்கப்படுபவரின் துயரம் அவருடைய வினையாக இருக்கலாம். அதைக் கண்டும் நாம் என்ன செய்தோம் என்பது நம்முடைய வினை. ஆகவே ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலானாலும் ஸ்காபரோவின் தேவாலயமானாலும், துக்கம் கேட்கும் 31 நாளை இந்த நகரத்தில் மீட்டெடுப்பது வழிபாட்டுக்குக் குறையாத கடமை. இழப்புக்குப் பின் ஒரு பெண் நெஞ்சு நோகுது என்றால், ‘கவலையால் வந்தது, போய்விடும்’ என்று சொல்லாமல் உடனே 911 ஐ அழையுங்கள். அது மாரடைப்பா தகோட்சுபோவா என்று மருத்துவமனைதான் பிரித்தறிய முடியும். ஊரில் இறந்தவருக்கும் இங்கே ஒரு மண்டபத்தில் கூடி அழ இடம் கொடுங்கள். எட்டாம் நாளுக்குப் பிறகும் சோறு கொண்டுபோங்கள், சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் இருந்து கேளுங்கள். துறவை எவரும் தமக்குத்தாமே உபதேசித்துக்கொள்ளலாம். அடுத்தவரின் துக்கத்துக்கு நாம் கொடுக்கக்கூடியது அன்பு ஒன்றுதான்.