தலையணைக்கு அடியில் இருந்த ஹஜ் பணம்

1950களில் மலாயாவின் (இன்றைய தீபகற்ப மலேசியா) கிராமத்து விவசாயிகளில் பலர் ஹஜ் பயணத்துக்குச் சேர்த்த காசை வங்கியில் போடத் தயங்கினார்கள். போட்டால் வட்டி வரும், வட்டி ஹராம், மார்க்கம் தடுத்தது. அது கலந்த பணத்தில் மக்காவுக்குப் போனால் ஹஜ் ஏற்கப்படுமா என்ற பயம். அதனால் காசு தலையணைக்கு அடியில் முடங்கியது. போதாத பணத்துக்கு நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். ஹாஜியார் என்ற மரியாதையோடு ஊர் திரும்பியவருக்கு உழுவதற்கு நிலம் மிஞ்சியிருக்காது.

மார்க்கப் பற்றுதான் இவர்களை ஏழைகளாக வைத்திருக்கிறது என்று இதைப் பார்த்துச் சொல்லிவிடுவது சுலபம். கிராமப்புற வறுமையை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் வயிற்றைக் கட்டிச் சேமிக்கிறவர்களை அவர் அங்கே கண்டார். மனச்சாட்சி உறுத்தாமல் அந்தச் சேமிப்பை ஒப்படைக்க ஓர் இடம்தான் அவர்களுக்கு இல்லை. 1959இல் அவர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்: சிறுகச் சிறுகப் பணம் போடலாம், அது ஆகுமான, அதாவது மார்க்கம் அனுமதித்த, தொழில்களில் முதலீடாகும், வட்டிக்குப் பதில் லாபத்தில் பங்கு கிடைக்கும்.

1963இல் அந்தத் திட்டப்படி நிறுவனம் பிறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். போட்ட பணம் 46,600 வெள்ளி (ரிங்கிட்). இன்று தாபோங் ஹாஜி என்று அழைக்கப்படும் அதில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் தூங்கிய காசு எண்ணெய்ப் பனைத் தோட்டங்களாகவும் கட்டடங்களாகவும் மாறியது. மக்களின் ஈமான் (இறைநம்பிக்கை) மாறவில்லை, வட்டி பற்றிய சட்டமும் மாறவில்லை.

அதே 1963இல் எகிப்தின் மித் கம்ர் என்ற நைல் கழிமுக ஊரில் அகமது அல் நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். ஜெர்மனியின் உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகள்தாம் அவருக்கு முன்மாதிரி. அது சில ஆண்டுகளே நீடித்தது. ஆனாலும் வங்கிப் பக்கமே போகாத எளிய மக்கள், தங்கள் மார்க்கத்தை மதிக்கும் வாசல் திறந்தால் உள்ளே வருவார்கள் என்பதை அதுவும் காட்டியது.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 275ஆம் வசனம் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுக்கிறது. பணம் பெருகுவதை இஸ்லாம் வெறுக்கவில்லை. நட்டத்தில் பங்கேற்காமல் லாபத்தை மட்டும் உறுதி செய்துகொள்வதைத்தான் அது ஏற்க மறுக்கிறது. அந்த வேறுபாட்டைக் கவனிக்காத திட்டம் முஸ்லிம் கிராமங்களில் வேர்விடுவது கடினம்.

மார்க்கத்தை மதிக்கும் திட்டங்களுக்கு ஆபத்தான ஒரு பக்கமும் உண்டு. மார்க்கத்தின் பெயரைக் கேட்டதும் மக்கள் கணக்குக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். 1980களில் எகிப்தில் இஸ்லாமிய முதலீடு என்ற பெயரில் வசூலித்த நிறுவனங்கள் சரிந்தபோது, ஏராளமான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. தாபோங் ஹாஜியும் தப்பவில்லை. அதன் கடன் பொறுப்புகள் சொத்து மதிப்பை மிஞ்சிவிட்டதாக 2018இல் மலேசிய அரசு அறிவித்து, மதிப்புக் குறைந்த சொத்துகளைத் தனி நிறுவனத்துக்கு மாற்றியது. அந்த ஆண்டுக்கான லாபப் பங்கு 1.25 சதவீதமாக இறங்கியது.

குர்ஆனின் மிக நீளமான வசனம், வட்டியைத் தடுக்கும் அதே இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது. கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள், தொகை சிறியது என்று சலித்துக்கொள்ளாதீர்கள் என்கிறது அது. வட்டி கூடாது என்பதைப் பற்றிக்கொண்ட அளவுக்கு இந்தக் கட்டளையை முஸ்லிம் சமூகம் பற்றிக்கொள்ளவில்லை. ஹஜ்ஜுக்கென்று காசு போட்ட மீனவரும் ரப்பர் பால் வெட்டுகிறவரும் வரவு செலவைப் பார்க்கக் கேட்பது, வட்டியைத் தவிர்ப்பதைப் போலவே மார்க்கம் சார்ந்த செயல்தான்.