அறியா அருளும் அறிந்த கடனும்

காரைக்காலைச் சார்ந்த திருமலைராயன்பட்டினத்துக்கு அணித்தாயுள்ள பட்டினச்சேரி, மீன்பிடி தொழிலினர் வாழும் நெய்தல் நிலத்தூர். இத்தகைய ஊர்க்கரையில் வலையுதறுங்கால் சிதறும் மீனையும் கழிவையும் காக்கையும் செம்பருந்தும் கவர்ந்து செல்லுதலை யாவருங் காணலாம். கூலி கேளாது இவை செய்யும் துப்புரவை நாம் ஒரு பொருளாக மதிப்பதில்லை. கடற்கரைக்குக் காக்கையும் பருந்தும் எங்ஙனமோ, அங்ஙனமே உள்நாட்டுக்குப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு. அதனை இழந்தமையால் மக்கட்கு நேர்ந்த கேட்டினையும், அதனின்று எழும் ஓர் அறவினாவினையும் ஈண்டு ஆராய்வாம்.

கழுகு சைவர்க்குப் புதியதன்று. பட்டினச்சேரிக்கு வடபாலுள்ள வைத்தீசுவரன்கோயில், கழுகரசனாகிய சடாயு வழிபட்டமையாற் புள்ளிருக்குவேளூர் எனப் பெயர் பெற்ற தலம். ஆண்டெழுந்தருளிய பெருமான் பிணி தீர்க்கும் வைத்தியநாதன். புள்ளும் பிணி தீர்ப்போனும் ஓரூரில் அமைந்தமை நினைக்கத்தக்கது. திருக்கழுக்குன்றத்திலோ, உச்சிப்பொழுதில் இரு கழுகுகள் வந்து அமுது கொள்ளுதலை அன்பர்கள் நெடுங்காலம் கண்டு வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு அவ்வரவு நின்றது.

இனி, பாறுகள் அழிந்த வரலாறு வருமாறு. மாடுகளின் நோவைத் தணிக்கும் டைக்ளோபினாக் என்னும் மருந்து 1990-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டிற் பரவியது. அம்மருந்தேற்ற மாடு சின்னாளில் இறப்பின், அதன் ஊனையுண்ட பாறு சிறுநீரகம் பழுதுற்று மாண்டது. 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் பாக்கிஸ்தானத்தில் ஆய்ந்து இக்காரணத்தை நிறுவினர். இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் தொகை, 1992-க்கும் 2007-க்கும் இடையில், 1,000-க்கு 1 எஞ்சும் அளவாகக் குன்றிற்று. ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் பறவையாதலின் அதன் அழிவு எளிது, மீட்சி அரிது.

பாறு ஒழிந்தவிடத்து மாட்டுப்பிணங்கள் அழுகிக் கிடந்தன. பாறு தன் வயிற்றின் கடும்புளிப்பாற் பல நோய்க்கிருமிகளை அழிக்கவல்லது. அப்பணி நின்றுவிடவே, பிணத்தைத் தின்று நாய்கள் பெருகின. வெறிநாய்க்கடியின் அச்சமும் உடன் பெருகியது. கசிவு கலந்து நீர்நிலைகளும் கெட்டன. எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர், முன்னர்ப் பாறுகள் மிக்கிருந்த மாவட்டங்களை ஏனையவற்றோடு ஒப்புநோக்கி, 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5,00,000 மக்கள் கூடுதலாக இறந்தனரென மதிப்பிட்டு, 2024-இல் வெளியிட்டனர். ஒரு பறவையின் வாழ்வில் எத்துணை மக்களின் வாழ்வு அடங்கியிருந்தது பாருங்கள்!

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. மாட்டுக்கு மருந்திட்டவன் கொடியவனல்லன். அதன் நோவு கண்டு இரங்கியவன். அவ்விரக்கத்தின் வழியே பாறும் மடிந்தது, மக்களும் மடிந்தனர். அற்றேல், அவ்விரக்கம் பாவமாமோ எனின், ஆகாது. மனம் வாக்குக் காயங்களான் ஈட்டப்படுவது வினை. அவன் மனத்திற் கொலைக்கருத்து இல்லை. அவன் செய்தது அபுத்திபூர்வம். ஆயினும், கருத்துத் தூயதாயின் அமையும் என்று நாம் வாளாவிருத்தலும் பொருந்தாது. ஆணவமலத்தால் மறைப்புண்ட உயிரின் அறிவு, ஒன்றைக் காணுங்கால் மற்றொன்றைக் காணாத சிற்றறிவு. ஆகலின் அருள் தனித்து நில்லாது அறிவைத் துணைக்கொள்ளல் வேண்டும்.

அவ்வறிவு இன்று நமக்குக் கிடைத்துள்ளது. 2006-இல் இந்திய அரசு இம்மருந்தை மாடுகளுக்கு இடுதலைத் தடுத்தது. மெலாக்சிகாம் என்னும் மாற்றுமருந்து பாறுகளுக்குத் தீங்கு பயவாமையும் அறியப்பட்டது. மக்கட்கென விற்ற பெருங்குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தினமையால், 2015-இல் அக்குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. இத்துணையும் அறிந்த பின்னரும் அதனையே இடுவோன் செயல் புத்திபூர்வமாம். அவன் முன்னையோனது அறியாமையைத் தனக்குக் காவலாகக் காட்டுதல் இயலாது. பாறு அழிதல் அதன் ஊழென்று கூறிக் கைகழுவுதலும் சித்தாந்தமன்று. பிற உயிரின் ஊழைக் காட்டி நம் கடமையினின்று நீங்குதல் எங்ஙனம் அறமாகும்?

"பிணந்தின்னும் பறவைக்கு இத்துணைப் பரிவு எற்றுக்கு?" என்பாரும் உளர். உடம்பு வினைக்கேற்ப வந்தது. உள்நின்ற உயிரோ நம்முயிர் போல்வதே. பால் தரும் பசுவினிடத்து அன்பு எளிதிற் பிறக்கும். காணவே அருவருக்கும் உயிரினிடத்தும் அது செல்லுமாயின் அன்றோ சீவகாருணியம் எனப்படும்? காரைக்காலிற் பிறந்த அம்மையார், உலகம் அஞ்சி விலகும் ஈமக்காட்டை வெறாது, ஆங்கே ஐயன் ஆடுதலைக் கண்டு பாடினார். அவர் மரபினராகிய நாம் பாற்றினை இழிந்ததென்று ஒதுக்குதல் தகுமோ? நமக்குப் பயன்படுதலின் மட்டும் அதனைக் காப்போமாயின், அது வாணிகமாய் முடியும்.

நீலகிரியைச் சார்ந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் சில பாறுகள் எஞ்சி வாழ்கின்றன. கோசாலை நடத்தும் அன்பர்களும் மாடு வளர்ப்போரும், தம் மாட்டுக்கு இடப்படும் மருந்து யாது என்று மருத்துவரைக் கேட்டறிதல் சிறு செயலே. ஆயினும் பசுவுக்கு இரங்கும் நெஞ்சு, அப்பசுவின் உடலை நாளை உண்ணவரும் பறவைக்கும் இரங்கிற்று என்பதற்கு அக்கேள்வியே சான்றாகும்.