கண்டதும் கருதியதும்

விந்தகத் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, ஒரே ஒரு புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை இட்டு நிறமேற்றினால், கலந்து கிடக்கும் செல்கள் இனம் பிரிந்து தெரிகின்றன. சாக்ஸ்9 என்ற புரதம் தெரிந்தால் விந்தணு வளரத் துணைநிற்கும் செர்டோலி செல் என்றும், டிடிஎக்ஸ்4 தெரிந்தால் விந்தணுவாக முதிரும் செல் என்றும் எண்ணிவிடுகிறோம். இது காட்சியா, கருதலா? சைவ சித்தாந்தம் இவ்விரண்டையும் வேறு வேறு அளவைகளாகவே, அதாவது அறியும் வழிகளாகவே, வைக்கிறது. நுண்ணோக்கியில் கண்ணுக்குப் படுவது நிறம் மட்டுமே. செல்லின் பெயர், புகையிலிருந்து நெருப்பைப் பெறுவதுபோல நாம் கருதிப் பெற்றது. அப்படியானால் அந்த எண்ணிக்கை வெறும் ஊகமா என்று கேட்கலாம். இல்லை, நல்ல கருதல் காட்சிக்கு இணையான உறுதி தரும். அதற்கான நிபந்தனையை மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் முன்பே வகுத்திருக்கின்றன: ஏது, அதாவது கருதலுக்கு அடிப்படையான குறி, சபக்கத்தில் (கருதும் பொருள் உள்ள இடத்தில்) இருக்கவேண்டும், விபக்கத்தில் (அது இல்லாத இடத்தில்) இருக்கக்கூடாது. புரதம் உண்டென்று தெரிந்த திசுவும், இல்லையென்று தெரிந்த திசுவும் ஆய்வகத்தில் செய்வது இந்த வேலைதான். சாக்ஸ்9 குருத்தெலும்பிலும் உண்டு. ஆகவே விந்தகத்துக்குள் செல்லும் ஏது வெளியே செல்லாது.

நிறம் ஏறாத செல்லைப் பற்றி என்ன சொல்வது? இங்கே, மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய திருநின்றவூர்ப் பூசலார் நினைவுக்கு வருகிறார். பல்லவ மன்னன் வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்டபோது, அவர் கோயில் எதுவும் கட்டவில்லை என்றே ஊரார் சொன்னார்கள். புராணத்தை ஆய்வகத்துக்குச் சான்றாகக் கொண்டுவரலாமா என்று ஒருவர் மறுப்பார். சான்றாக அல்ல, ஊராரின் தருக்கப் பிழைக்காகவே சொல்கிறேன். இருந்தால் தெரிந்தே ஆகவேண்டும் என்ற உறுதி இருந்தால்தான், தெரியாததை இல்லை எனலாம். ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்து, எதிர்ப்பொருள் பற்றும் இடத்தை மறைத்துவிடும். சூடாக்கி அதை மீட்கும் முறை 1991-இல்தான் வந்தது. அதற்கு முன் நிறம் ஏறாமல் போன எத்தனையோ சீவல்களில் புரதம் இருந்தபடியே இருந்தது.

இந்த நுணுக்கம் ஏட்டோடு நிற்பதில்லை. பிள்ளையில்லாத வீட்டை ஊர் வினைப்பயன் என்று பேசுகிறது. அதற்கு மேல் ஒரு அறிக்கை “விந்துச் செல்கள் இல்லை” என்று எழுதினால் அது தீர்ப்பாகிவிடுகிறது. செர்டோலி செல்கள் மட்டுமே தெரிந்த திசு மாதிரிக்குப் பிறகும், நுண்ணோக்கி வழி அறுவையில் அதே விந்தகத்தின் வேறிடத்தில் விந்தணு கிடைத்த ஆண்கள் உண்டு. நோய்க்குறியியல் மருத்துவர்களே, “இந்தத் துண்டில் தென்படவில்லை” என்று எழுதுங்கள்.