அகமும் ஒற்றும்: வீட்டுக் கணினியின் உள்ளிடம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

தமிழில் அகம் என்னும் சொல் வீட்டையும் நெஞ்சையும் ஒருங்கே குறிக்கும். அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்னும் தொல்காப்பிய விதியும் இங்கு எண்ணத்தக்கது. காதல் உலகறியப் பாடப்படுகிறது. காதலர் இன்னார் என்பது மட்டும் காக்கப்படுகிறது. கடிதமும் கணக்கும் நாட்குறிப்பும் வீட்டுக் கணினிக்குள் சென்றுவிட்ட இக்காலத்தில், உரியவர் அறியாமல் அதனுள் நுழையும் உளவு மென்பொருள் இழைக்கும் தீங்கு எத்தகையது என்பது ஆராயத்தக்கதாகும்.

அது உடைமைக்கு இழைக்கும் தீங்கு என்பதே பலரும் கூறும் விடை. இவ்விடை போதாது. திருடப்பட்ட பொருள் உரியவரிடம் இல்லாமற்போகும். படியெடுக்கப்பட்ட கோப்போ அவரிடமே இருக்கும். மேலும், உள்ளிடம் என்பது உடைமையிலிருந்து பிறப்பதன்று. இதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்து அகத்தியமலை அடிவாரத்தில் உள்ள போனக்காடு தேயிலைத் தோட்டம் தக்க சான்றாகும். அங்குத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்துவரும் லயங்கள் தோட்ட நிருவாகத்துக்கு உரியவை. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவருமாகும். நிலமும் சுவரும் கூரையும் தமக்கு உரியனவல்ல என்றாலும், கதவைச் சாத்திக்கொண்ட பின் உள்ளிருப்பது அக்குடும்பத்தின் அகமே. அதே மலையில் பாழடைந்து கிடக்கும் பழைய பங்களாவைப் பேய்க்கதை கேட்டுப் பலர் பார்க்க வருகின்றனர். அங்கு எவருடைய அகமும் இல்லை; ஆகவே எட்டிப்பார்த்தலால் எவருக்கும் அகக்கேடும் இல்லை. கட்டடத்தை அகமாக்குவது அதனுள் வாழும் வாழ்வே என்பது இவ்வேறுபாட்டால் விளங்கும்.

இந்திய உச்ச நீதிமன்றம் இத்தெளிவை எட்ட நெடுங்காலம் ஆயிற்று. கரக் சிங் வழக்கில், இரவில் வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டும் காவல்துறை வழக்கம் செல்லாது என 1962இல் அது தீர்ப்பளித்தது. எனினும் வீட்டைச் சுற்றி மறைந்திருந்து கண்காணித்தலை அத்தீர்ப்பு விலக்கவில்லை. பார்க்கப்படுபவர் அறியாதபோது அவருடைய நடமாட்டம் எவ்வாறு தடைப்படும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. நீதிபதி சுப்பா ராவ் இதனின்று மாறுபட்டார். மனத்தின்மேல் விழும் தளையும் தளையே என்பது அவர் கொள்கை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றபோது, கரக் சிங் தீர்ப்பின் மாறான பகுதி நீங்கியது. ஓசையின்றி நுழைதலும் நுழைதலே என்பது உளவு மென்பொருளின் காலத்துக்கு மிகத் தேவையான கருத்தாகும்.

2000ஆம் ஆண்டையொட்டி இலவச நிரல்களோடு ஒட்டிவந்து, ஒருவர் இணையத்தில் எவற்றைப் பார்க்கிறார் என விளம்பரதாரர்க்குத் தெரிவித்தவையே பெரும்பாலும் உளவு மென்பொருள் எனப்பட்டன. அவை பார்த்தன; பார்த்ததைச் சொல்லின. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரல்களோ பார்ப்பதோடு நில்லாமல், உள்ளே பொருளை வைக்கவும் வல்லவை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் 1937இல் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடியினரிடையே பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமியின் வழக்கு இங்கு நோக்கத்தக்கது. பீமா கோரேகான் வழக்குத் தொடர்பாக அவருடைய கணினி 2019 சூன் 12 அன்று கைப்பற்றப்பட்டது. அவர் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். அக்கணினியின் படியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்னும் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. 2014 அக்டோபர் முதல் கைப்பற்றப்பட்ட நாள்வரை நெட்வயர் என்னும் நிரல்வழி அயலார் ஒருவர் அதனுள் இருந்தார் என்றும், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அவரால் உள்ளே வைக்கப்பட்டன என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். ஒற்றறிதலை அவர் அரசனுக்கு மறுக்கவில்லை. தன் வினைசெய்வாரையும் சுற்றத்தாரையும்கூட ஆராயச் சொல்கிறார். ஆயினும் அவர் காட்டும் ஒற்றன் கண்டும் கேட்டும் வந்து சொல்பவனே; பிறர் இல்லத்தில் பொருளை வைத்துவிட்டு வருபவனல்லன். அவன் கொணர்ந்ததையும் வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்க வேண்டும் என்பது வள்ளுவர் விதி. எனவே இன்றைய நிரலை ஒற்று என்று அழைப்பதுகூட அதற்குச் செய்யும் சலுகைதான்! ‘மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்’ என்னும் வாதமும் இங்கு வலுவிழக்கிறது. மறைக்க ஒன்றுமில்லாதவர் வீட்டிலும் ஒன்றை மறைத்து வைக்க இயலும். அப்போது அவர் இழப்பது மறைபொருளையன்று. ‘இது என்னுடையது, இது என்னுடையதன்று’ எனச் சொல்லித் தெளிவிக்கும் ஆற்றலை. தன் செயலுக்குத் தான் பொறுப்பேற்றல் என்னும் அறத்தின் அடித்தளம் இவ்வாற்றலே ஆகும்.

இந்நோக்கில் கணினியைக் காத்தலும் ஓர் அறக்கடமையாகிறது. அறியாதார் அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பைத் திறவாமை, இயங்குதளத்தை அவ்வப்போது புதுப்பித்தல், கோப்புகளின் படியைத் தனியே வைத்தல் என்பன எவர்க்கும் இயல்வன. இக்கடமைக்கும் எல்லை உண்டு. இதே வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ரோனா வில்சனின் கணினிக்குள், அறிமுகமானவர் ஒருவரது முகவரியிலிருந்து வந்த இணைப்பின் வழியே நிரல் நுழைந்தது என்று ஆர்சனல் கூறுகிறது. பெகாசஸ் போன்றவை எதையும் திறவாமலே நுழையக்கூடியவை. தாழிட்டிருந்தவரைத் தாழிடாதவர்போல் பழித்தல் முறையன்று.

ஆர்சனலின் முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. அரசு ஆய்வகம் அத்தகைய நிரல் எதையும் காணவில்லை என்பது அதன் நிலைப்பாடு. ஓர் ஒற்றின் சொல்லை மற்றோர் ஒற்றால் ஆராயும் பணி நீதிமன்ற விசாரணைக்கு உரியது. அவ்விசாரணை தொடங்குமுன், 2021 சூலை 5 அன்று, பிணையை எதிர்நோக்கிக் காவலில் இருந்த நிலையிலேயே, ஸ்டேன் சுவாமி மும்பை மருத்துவமனை ஒன்றில் காலமானார்.