சிங்கம் செய்வது பாவமா?

அம்பாந்தோட்டை மாவட்டத்தில், றிதியகம என்னுமிடத்தில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சபாரி பூங்காவுக்கு உங்களிற் சிலர் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் வந்திருப்பீர்கள். ஏறத்தாழ 500 ஏக்கர் நிலம். ஆபிரிக்கச் சிங்கங்கள் திறந்த வெளியில் உலாவுகின்றன. மனிதர்தாம் பஸ்ஸுக்குள் அடைபட்டிருந்து பார்க்கின்றனர். மிருகக்காட்சிச்சாலையைத் தலைகீழாக்கிய இந்த யோசனை புதியதன்று. 1966ஆம் ஆண்டு இங்கிலாந்திலே, லோங்லீற் என்ற பிரபுவின் மாளிகை நிலத்தில், சேர்க்கஸ் குடும்பத்தில் வந்த ஜிமி சிப்பர்பீல்ட் என்பவரின் யோசனைப்படி இத்தகைய பூங்கா திறக்கப்பட்டது. ஆபிரிக்காவுக்கு வெளியே இதுவே முதலாவது.

இத்தகைய பூங்காக்களில் சிங்கம் ஒரு பக்கம், வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மறு பக்கம், நடுவே வேலி. “ஏனப்பா இரண்டையும் ஒன்றாக விடேல்லை?” என்று பிள்ளை கேட்கும். “விட்டால் திண்டுபோடும்” என்று நீங்கள் சொல்வீர்கள். “அப்ப கடவுள் ஏன் சிங்கத்தைப் படைச்சவர்?”

பிள்ளைக் கேள்வி என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். நம்மிற் பலர் சொல்லும் விடை ஒன்றுண்டு: ஆதியில் எல்லா மிருகங்களும் புல்லையே தின்றன; ஆதாம் செய்த பாவத்தினாலேதான் ஒன்றையொன்று கொல்லத் தொடங்கின என்பது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பச்சைப் பூண்டுகள் உணவாகக் கொடுக்கப்படுவதை இதற்குச் சான்று காட்டுவர். ஆனால் 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. மனிதனுடைய பாவத்தினால் மிருகங்களின் இயல்பு மாறவில்லை, சிங்கம் அன்றும் சிங்கமாகவே இருந்தது என்பது அவர் துணிபு. பூமியைத் தோண்டிய அறிஞரும் இதையே காட்டுகின்றனர். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இரை பிடித்துத் தின்ற விலங்குகளின் பற்கள் பாறைகளில் கிடக்கின்றன.

ஆகவே சிங்கம் கொல்வது நம் பாவத்தின் விளைவுமன்று, அதன் பாவமுமன்று. “கொடிய சிங்கம்” என்று நாம் எழுதுவதே பிழையான பேச்சு. கொடுமை செய்வதற்கு வேறு வழியும் தெரிந்திருக்க வேண்டும். சிங்கத்துக்கு அது தெரியாது. 104ஆம் சங்கீதத்தில் சிங்கக்குட்டிகளின் கர்ச்சனை, இறைவனிடம் உணவு கேட்கும் குரலாகவே வருகிறது. அதுவும் ஒரு புகழ்ப் பாடலிலே!

வரிக்குதிரையின் வேதனைக்கு இது பதிலாகுமா? ஆகாது. மற்ற உயிர்கள் மடியாவிடில் சிங்கத்துக்கு வாழ்வே இல்லை என்று புனித தோமஸ் சொல்வது உண்மை. ஓடும் குதிரையின் காலும் துரத்தும் சிங்கத்தின் நகமும் ஒன்றினால் ஒன்று உருவானவை என்பதும் உண்மை. ஆயினும் பிடிபட்ட அந்த ஒரு குதிரைக்கு அதனால் ஆறுதல் இல்லை. துன்பத்துக்குக் காரணம் கேட்ட யோபுவுக்குங்கூட இறைவன் விளக்கம் சொல்லவில்லை. பெண்சிங்கத்துக்கு இரை தேடிக் கொடுப்பவன் நீயோ என்று திருப்பிக் கேட்டார்.

இன்று அந்தக் கேள்விக்கு, ‘ஆம், நாம்தான்’ என்று சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பூங்காதான். வேலி போட்டதும் அங்கே கொலை நின்றுவிட்டதா? வளர்ந்த சிங்கத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 5 முதல் 7 கிலோ இறைச்சி வேண்டும். அதற்கான விலங்கு நம் கண்ணுக்கு மறைவில் அறுக்கப்பட்டிருக்கிறது. மறுபுறத்தில், துரத்துவார் இல்லாத மிருகங்கள் பெருகுகின்றன, நிலமோ பெருகுவதில்லை. ஆகவே கருத்தடை செய்ய வேண்டும், வேறிடம் அனுப்ப வேண்டும், அல்லது கொல்ல வேண்டும்.

2014 பெப்ரவரியில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் மிருகக்காட்சிச்சாலையில் நடந்தது இதுதான். மரியஸ் என்னும் இளம் ஒட்டகச்சிவிங்கியை, அதன் இனவழி ஏற்கெனவே மிகுந்துவிட்டது என்று கூறிக் கொன்று, மக்கள் முன்னிலையில் வெட்டி, சிங்கங்களுக்குப் போட்டார்கள். உலகமே கொதித்தெழுந்தது. கொதித்தவர்களிற் பலர் அன்றிரவும் இறைச்சி உண்டிருப்பர் என்பது வேறு விடயம். அவர்கள் ஒளிக்காமற் செய்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் காட்டிலே சிங்கம் செய்வதைத்தானே நாங்களும் செய்தோம் என்று எவரும் வாதிட்டால், அதை ஏற்க முடியாது. சிங்கம் பசியினாற் பாய்கிறது. இங்கே மனிதர் கூடியிருந்து யோசித்து, இது சாகட்டும், அது வாழட்டும் என்று தீர்மானித்தார்கள். மரியஸை ஏற்க வேறு இடங்கள் முன்வந்தும் மறுத்தார்கள். சிங்கத்தின் வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதன் குற்றமின்மை நம்மோடு சேர்ந்து வராது.

இதனால் பூங்காவுக்குப் போவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் விலங்குகளை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. வீணாக வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே மாறானவை என்கிறது. அந்த ‘வீண்’ எது என்பதைத் தேவாங்கு முதல் சிங்கம் வரை ஒவ்வொரு மிருகத்துக்கும் நாமே நின்று நிதானித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அம்பாந்தோட்டை வெயிலில் அதற்கு நிழல் உண்டா, தண்ணீர் உண்டா, பிறக்கும் குட்டிக்கு இடம் உண்டா என்று டிக்கெட் வாங்கும் நாமும் கேட்கலாம்.

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழும், சிங்கம் வைக்கோல் தின்னும் என்று இசையாஸ் தீர்க்கதரிசி கண்ட காட்சியில் வேலி இல்லை. நடுவிலே வேலியைப் போட்டுவிட்டுச் சமாதானம் வந்துவிட்டது என்பது மனிதர் தங்களுக்குள்ளும் செய்துகொள்ளும் காரியந்தான்.

அடுத்த முறை பஸ்ஸிலே பிள்ளை, “சிங்கம் என்ன சாப்பிடும்?” என்று கேட்டால், “அவையள் ஏதோ குடுப்பினம்” என்று மழுப்பாதீர்கள். இறைச்சி என்று சொல்லுங்கள். ஒரு உயிரை அறுத்துத்தான் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து கறிச்சட்டியைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்கும். அதற்கும் ஆயத்தமாய் இருங்கள்.